பாய்காட்: ஒரு இங்கிலீஷ் வார்த்தையை அதோட கதையோட சேர்த்துக் கத்துக்கிறது எப்படி

இங்கிலீஷ் பேப்பர் இப்பதான் படிக்க ஆரம்பிச்சிருக்கிறவங்க, போட்டித் தேர்வுக்குன்னு தினமும் பத்து வார்த்தையை நோட்டுல எழுதி மனப்பாடம் பண்ற தம்பி தங்கச்சிங்க, இவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். சாயங்காலத்துல ஏழெட்டுப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றேன், திங்கக்கிழமை பத்து வார்த்தை எழுதிட்டுப் போற பிள்ளைக்கு அடுத்த திங்கக்கிழமை அதுல ரெண்டுதான் ஞாபகம் இருக்கும், அந்த ரெண்டையும் வாக்கியத்துல போடச் சொன்னா தப்பா வரும். பிள்ளைங்க மேல குத்தமே இல்ல. வார்த்தைக்குப் பக்கத்துல ஒத்தை வரியில ஒரு தமிழ் அர்த்தத்தை எழுதிக் கொடுத்து இதைப் படின்னு சொல்ற முறைதான் தப்பு. வார்த்தை எங்க பொறந்துச்சு, எதுக்காகப் பொறந்துச்சுன்னு தெரிஞ்சா அதை எங்க போடலாம் எங்க போடக்கூடாதுன்னு தானா வந்துரும், இதை நான் ரொம்ப நம்புறேன். அதனால இங்க ஒரே ஒரு வார்த்தை, பாய்காட், அதை மட்டும் ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் பாக்கலாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, போன்ல ஒரு டிக்‌ஷனரி இருந்தா போதும்.

முதல் ஸ்டெப்: டிக்‌ஷனரி தொறக்காதீங்க, உங்க மனசுல என்ன இருக்கோ அதை எழுதுங்க

பாய்காட்ங்கிற வார்த்தையைக் கேள்விப்படாதவங்க யாரும் இருக்க மாட்டாங்க. அந்தப் படத்தைப் பாய்காட் பண்ணு, இந்தக் கம்பெனியைப் பாய்காட் பண்ணுன்னு போன்ல தினமும் வருது. அப்ப அதுக்கு அர்த்தம் என்னன்னு நீங்க நினைக்கிறீங்களோ அதைத் தமிழ்ல ரெண்டு வரி, அப்புறம் இங்கிலீஷ்ல ஒரு வாக்கியம் எழுதி வச்சுக்கங்க, தப்பா இருந்தாலும் அழிக்காதீங்க.

இது ஏன்னா, போன வருஷம் ஒரு பிள்ளை எழுதின வாக்கியம் இது: த தமிழ்நாடு கவர்ன்மென்ட் பாய்காட்டட் பிளாஸ்டிக் பேக்ஸ். கிராமர்ல ஒரு தப்பும் கிடையாது. ஆனா அர்த்தம் தப்பு. 2019 ஜனவரி 1-ல இருந்து ஒருதடவை தூக்கிப் போடுற பிளாஸ்டிக்கை தமிழ்நாடு அரசு தடை பண்ணுச்சு, அது இங்கிலீஷ்ல பேன், பாய்காட் இல்ல. அந்தப் பிள்ளை எங்க குழம்புச்சுன்னு யோசிச்சுப் பாத்தா, பஸ் ஸ்டாண்டுல பள்ளிக்கூடச் சுவத்துல எல்லாம் பிளாஸ்டிக்கைப் புறக்கணிப்போம்னு எழுதியிருக்கு, புறக்கணிப்புன்னா பாய்காட்னு நோட்டுல இருக்கு, ரெண்டையும் சேத்து எழுதிருச்சு. சுவத்துல இருக்கிறது ஜனங்களைப் பாத்து நீங்களா வாங்காதீங்கன்னு சொல்றது, அது பாய்காட் தான். அரசு போட்டது உத்தரவு. இந்த வித்தியாசம் ஏன் வருதுன்னு மூணாவது ஸ்டெப் படிச்சா தெளிவா புரியும், அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம்.

ரெண்டாவது ஸ்டெப்: வாய்ல ஏத்துங்க, அப்புறம் கையில

பி, ஓ, ஒய், சி, ஓ, டி, டி. கடைசியில ரெண்டு டி. இதை மட்டும் மறக்காதீங்க, பேர்தான் வார்த்தையாச்சு, பேர்ல ரெண்டு டி இருந்துச்சு அவ்வளவுதான். உச்சரிக்கும்போது அழுத்தம் முதல் பாதியில, பாய் மேல விழணும். ப்ரொடெஸ்ட், ரெக்கார்ட் மாதிரி வார்த்தைங்கள்ல பெயர்ச்சொல்லா வந்தா முன்னாடி அழுத்தம், வினைச்சொல்லா வந்தா பின்னாடி அழுத்தம்னு மாறும், பாய்காட்ல அந்த வம்பு இல்ல, எப்படி வந்தாலும் முன்னாடிதான். இறந்தகாலத்துக்கு ஈடி சேத்தா பாய்காட்டிட்னு ஒரு அசை கூடும், ஏற்கனவே டி சத்தத்துல முடியுற வார்த்தைங்க எல்லாமே அப்படித்தான், வான்டட், ஸ்டார்ட்டட் மாதிரி. முதல் எழுத்தைப் பெருசா போட வேண்டாம். ஆரம்பத்துல பெருசா போட்டுத்தான் எழுதுனாங்க, மேற்கோள் குறிக்குள்ள வேற போட்டாங்க, ஏன்னா அப்ப அது ஒரு ஆளோட பேரு.

மூணாவது ஸ்டெப்: கதையைத் தேடிப் பிடிங்க

இதுதான் முக்கியமான ஸ்டெப், இதுக்கு நேரம் ஒதுக்குங்க.

கிரிக்கெட் பாக்குறவங்களுக்கு பாய்காட்னா இங்கிலாந்தோட பழைய ஓப்பனிங் பேட்ஸ்மேன் ஜெஃப்ரி பாய்காட் ஞாபகம் வரும். அதே பேர்ல இன்னொருத்தர், நூறு வருஷத்துக்கு முந்தினவர், சார்லஸ் கன்னிங்காம் பாய்காட். 1832-ல இங்கிலாந்துல நார்ஃபோக் பக்கம் பொறந்தவர். குடும்பப் பேரை முதல்ல வேற மாதிரி, பாய்கேட்னு எழுதிட்டு இருந்தாங்க, இவர் சின்னப் பையனா இருக்கும்போதுதான் எழுத்தை மாத்துனாங்க. கொஞ்ச நாள் ராணுவத்துல இருந்தார், ஊர்ல கேப்டன்னு கூப்பிடுவாங்க. அப்புறம் அயர்லாந்துக்குப் போயி மேற்கால இருக்கிற மேயோங்கிற மாவட்டத்துல, லாக் மாஸ்க்ங்கிற ஏரிக்கரையில, எர்ன் பிரபுங்கிற பெரிய நிலக்காரருக்கு ஏஜென்டா உக்காந்தார். நம்ம ஊர்ல சொன்னா ஜமீன் காரியஸ்தர் மாதிரி. குத்தகை வசூலிக்கணும், கொடுக்காதவங்களை நிலத்தை விட்டுக் காலி பண்ண வைக்கணும். குத்தகைக்காரங்க முன்னாடி மரத்துல இருந்து விறகு பொறுக்கிக்கிட்டு இருந்ததைக் கூட இவர் வந்து நிறுத்திட்டார்னு சொல்வாங்க.

அந்த நேரம் அயர்லாந்து எப்படி இருந்துச்சுன்னு தெரியணும். 1845-ல ஆரம்பிச்ச உருளைக்கிழங்குப் பஞ்சத்துல லட்சக்கணக்குல செத்துப்போனாங்க, அதைவிட அதிகமான பேரு கப்பலேறிப் போனாங்க, அந்த நினைப்பு இன்னும் ஆறாத நேரத்துல 1879-ல மறுபடி விளைச்சல் பொய்ச்சுப்போச்சு. நிலம் உழுகுறவனுக்கு நிலம் சொந்தமில்ல. அந்த வருஷம் அக்டோபர்ல லேண்ட் லீக்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, மைக்கேல் டாவிட் அதைக் கட்டுனவர், பார்னெல் தலைவர். நியாயமான குத்தகை வேணும், குத்தகை ஒழுங்கா கட்டுற வரைக்கும் காலி பண்ணச் சொல்லக்கூடாது, இதெல்லாம்தான் கோரிக்கை.

1880 செப்டம்பர் 19, என்னிஸ்ங்கிற ஊர்ல கூட்டம். பார்னெல் ஜனங்களைப் பாத்து ஒரு கேள்வி கேக்குறார்: ஒரு குடும்பத்தை நிலத்தை விட்டு விரட்டிட்டாங்க, அந்த நிலத்தை இன்னொருத்தன் வந்து குத்தகைக்கு எடுக்குறான், அவனை என்ன பண்றது? கூட்டத்துல இருந்து கொல்லுங்க, சுடுங்கன்னு சத்தம். அவர் இல்ல, அதைவிட நல்ல வழி இருக்குன்னு சொல்றார். ரோட்டுல பாத்தா பேசாதீங்க, கடையில பேசாதீங்க, சந்தையில பேசாதீங்க, கோயில்ல கூட ஒதுங்கிக்கங்க, அந்தக் காலத்துல தொழுநோய்க்காரரை ஊர் ஒதுக்குற மாதிரி ஒதுக்கி வச்சிருங்க. ஒரு அடி அடிக்க வேண்டாம்.

மூணே நாள்ல இது லாக் மாஸ்க்ல நடந்துச்சு. விளைச்சல் மோசம்னு எர்ன் பிரபு குத்தகையில பத்து சதவீதம் குறைக்கிறேன்னார், ஜனங்க இருபத்தஞ்சு கேட்டாங்க, ஒத்துவரல. பாய்காட் பதினோரு குடும்பத்தைக் காலி பண்ண நோட்டீஸ் வாங்கிட்டார். செப்டம்பர் 22 அன்னைக்கு நோட்டீஸ் கொடுக்குற ஆள் பதினேழு போலீஸோட வந்தார். மூணு வீட்டுல கொடுத்தாச்சு. நாலாவது வீட்டுல ஒரு அம்மா வாங்க மாட்டேன்னுட்டு செவப்புக் கொடியை ஆட்டிருச்சு, அவ்வளவுதான், சுத்துவட்டாரப் பொம்பளைங்க எல்லாம் திரண்டு வந்து கல்லு, சேறு, சாணியால அடிச்சு விரட்டிட்டாங்க.

மறுநாள் பக்கத்து ஊரு பாலின்ரோப்ல இருந்து ஜனங்க கிளம்பி வந்து பாய்காட் வீட்டு வேலைக்காரங்க, பண்ணையாளுங்க எல்லாரையும் வேலையை விட்டுட்டு வந்துருங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. எல்லாரும் போயிட்டாங்க. கொல்லர் லாடம் அடிக்க மாட்டேன்னார், துணி வெளுக்குறவங்க வரல, தபால் கொண்டுவர்ற பையன் வரல, கடைக்காரங்க சாமான் கொடுக்கல, சாப்பாட்டுச் சாமானை ஏரி வழியா படகுல வேற ஊர்ல இருந்து கொண்டுவர வேண்டியதாப் போச்சு. வயல்ல கிழங்கும் கதிரும் அறுக்க ஆளில்லாம நின்னுச்சு. நம்ம கிராமத்துல அவங்களோட யாரும் புழங்காதீங்கன்னு சொல்வாங்கல்ல, புழக்கம்ங்கிற அந்த ஒரு வார்த்தைக்குள்ள பேச்சு, கொடுக்கல் வாங்கல், நல்லது கெட்டது எல்லாம் அடங்கிரும். அந்தப் புழக்கம் மொத்தமா நின்னுபோச்சு.

பாய்காட் லண்டன் டைம்ஸ் பேப்பருக்கு லெட்டர் எழுதுறார், அக்டோபர்ல அது அச்சாகுது, இங்கிலாந்து முழுக்கப் பேச்சு. அவருக்கு உதவி பண்ண வடக்குப் பக்கத்துல கேவன், மோனகன் மாவட்டங்கள்ல இருந்து ஐம்பது ஆளுங்க அறுப்பு அறுக்க வந்தாங்க. அந்த ஐம்பது பேருக்குக் காவலா ஆயிரம் பேருக்குக் கிட்ட பட்டாளமும் போலீஸும். ரெண்டு வாரம் கொட்டுற மழையில கூடாரத்துல கெடந்து அறுத்தாங்க. அறுத்த விளைச்சலோட மதிப்பு ஏறக்குறைய 500 பவுண்ட், அதுக்குக் காவல் போட்ட செலவு 10,000 பவுண்ட்னு கணக்குச் சொல்றாங்க. ஒரு டர்னிப் கிழங்கைப் பிடுங்க ஒரு ஷில்லிங் ஆச்சுன்னு பார்னெல் மேடையில சொன்னார். நவம்பர் 27 அன்னைக்கு பாய்காட் குடும்பத்தோட ஊரை விட்டுக் கிளம்புறார், வண்டி ஓட்ட ஒருத்தரும் வரல, ராணுவ ஆம்புலன்ஸ் வண்டியிலதான் போக வேண்டியிருந்துச்சு. ஒரு உசுரு போகல.

இப்ப வார்த்தைக்கு வருவோம். அமெரிக்கப் பத்திரிகைக்காரர் ஜேம்ஸ் ரெட்பாத் அப்ப அங்க இருந்தார். அந்த ஊர்ப் பக்கத்துப் பாதிரியார் ஜான் ஓமாலி, இவர்தான் ஜனங்க பக்கம் நின்னு வழிநடத்துனவர். ரெண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில பேசிட்டு இருக்காங்க, ரெட்பாத் இதுக்கு ஒரு வார்த்தை வேணுமேன்னு யோசிக்கிறார். ஆஸ்ட்ரசிசம்னு ஒரு வார்த்தை இருக்கு, ஆனா அது குடியானவங்களுக்குப் புரியாதுன்னு அவரே சொல்றார், ஆமா அது ஒத்துவராதுன்னு பாதிரியாரும் சொல்றார். பாதிரியார் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, பாய்காட் பண்றதுன்னு சொன்னா என்னன்னு கேக்குறார். ரெட்பாத் பின்னாடி இதைத் தானே எழுதி வச்சிருக்கார். அந்த நவம்பர் மாசமே டைம்ஸ் பேப்பர்ல வினைச்சொல்லா வந்துருச்சு. கொஞ்ச வருஷத்துல பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு, ரஷ்ய மொழின்னு போயி, ஜப்பான் மொழியில கூட பொய்கோட்டோன்னு இன்னைக்கும் இருக்கு.

அந்த ஆஸ்ட்ரசிசமும் நல்ல கதைதான். பழைய ஏதென்ஸ் நகரத்துல யாராவது அளவுக்கு மீறி பலமாகிட்டா ஜனங்க ஓட்டாஞ்சில்லுல அவர் பேரைக் கீறிப் போடுவாங்க, ஆறாயிரம் ஓடு விழுகுற அளவுக்குக் கூட்டம் சேந்துச்சுன்னா அதிகம் பேர் விழுந்தவர் பத்து வருஷம் ஊரை விட்டுப் போகணும். ஓட்டாஞ்சில்லுக்கு கிரேக்கத்துல ஆஸ்ட்ரகான்னு பேரு. அர்த்தம் கிட்டத்தட்ட பொருந்துது, ஆனா கிரேக்கம் படிச்சவனுக்குத்தான் அது விளங்கும். ஓமாலி சொன்னது மேயோவுல ஆடு மேய்க்கிறவருக்கும் விளங்குச்சு. வார்த்தையைப் பயன்படுத்தப் போறவங்க யாருன்னு யோசிச்சு உண்டாக்குன வார்த்தை இது, எனக்கு இதுமேல இவ்வளவு பிரியம் வந்ததுக்கு அதான் காரணம்.

நாலாவது ஸ்டெப்: கதையில இருந்து அர்த்தத்தைப் பிழிஞ்சு எடுங்க

இப்ப நோட்டை எடுங்க. கதையில பாய்காட் பண்ணது யாரு? நிலம் இல்லாதவங்க, கையில சட்டமும் போலீஸும் இல்லாதவங்க. அவங்களால அவரைத் தடுக்க முடியாது, தங்களோட உழைப்பை, வியாபாரத்தை, பேச்சைத் திருப்பி எடுத்துக்க மட்டும்தான் முடியும். தனித்தனியா பண்ணல, ஊர் கூடிப் பண்ணாங்க. கோவத்துல பண்ணாலும் ஒரு கோரிக்கை இருந்துச்சு. ஆக, அதிகாரம் இல்லாதவங்க, சேர்ந்து, தன் கையில இருக்கிறதை நிறுத்தி, எதிராளியை மாறச் சொல்றது. இதை அளவுகோலா வச்சுக்கிட்டா பக்கத்து வார்த்தைங்க எல்லாம் தானா பிரிஞ்சுரும்.

பேன்னா அதிகாரம் இருக்கிறவன் அடுத்தவனைத் தடுக்குறது. அரசு, பள்ளிக்கூடம், கிரிக்கெட் போர்டு பேன் பண்ணும், நீங்களும் நானும் பாய்காட் தான் பண்ண முடியும். எம்பார்கோ, சேங்ஷன் ரெண்டும் ஒரு நாடு இன்னொரு நாட்டு மேல போடுற தடை, அங்கேயும் சட்டம் இருக்கு. ஸ்ட்ரைக்னா வேலை செய்ற இடத்துல வேலையை நிறுத்துறது. (1768-ல லண்டன்ல கூலி பிரச்சனைக்காக மாலுமிங்க கப்பல் பாயை இறக்கிட்டாங்க, பாயை இறக்குறதுக்கு இங்கிலீஷ்ல ஸ்ட்ரைக்னு சொல்வாங்க, அதுல இருந்து வந்தது.) அவாய்ட்னா சும்மா தவிர்க்குறது. எண்ணெய்ப் பலகாரத்தை டாக்டர் சொன்னாருன்னு நிறுத்தினா அது அவாய்ட், பாய்காட் இல்ல, ஏன்னா பஜ்ஜிகிட்ட உங்களுக்குக் கோரிக்கை எதுவும் கிடையாது. ஷன்னா ஒருத்தரோட பேசாம ஒதுங்குறது, ஒத்தை ஆளா கூடச் செய்யலாம். இக்னோர்னா கண்டுக்காம விடுறது. தமிழ்ல புறக்கணிக்கிறதுன்னு சொல்லும்போது இந்த இக்னோர் அர்த்தமும் உள்ள வரும், என் பேச்சைப் புறக்கணிச்சுட்டான்னு சொல்றோமே, அதை பாய்காட்னு எழுதிறாதீங்க. நிறையப் பேரு விழுகுற குழி இது.

சட்டசபைச் செய்தி படிக்கும்போது இன்னொரு ஜோடி வரும், வாக்அவுட்டும் பாய்காட்டும். உள்ள வந்து உக்காந்து, பேச்சு முத்தி, எந்திரிச்சு வெளிய போனா வெளிநடப்பு, வாக்அவுட். கூட்டத்துக்கே வர மாட்டோம்னா பாய்காட். பேப்பர்ல தமிழ்ல வெளிநடப்பு, புறக்கணிப்புன்னு சரியாப் பிரிச்சுத்தான் போடுவாங்க, அதே பிரிவை இங்கிலீஷ்ல வச்சுக்கிட்டா போதும்.

அஞ்சாவது ஸ்டெப்: வாக்கியத்துல உக்கார வைங்க

வினைச்சொல்லா வந்தா நடுவுல எதுவும் வேண்டாம், நேரா ஆளையோ பொருளையோ போட்டுருங்க. தே பாய்காட்டட் த மீட்டிங். பாய்காட் அகெய்ன்ஸ்ட் த மீட்டிங், பாய்காட் ஃப்ரம் த மீட்டிங், பாய்காட் டு த மீட்டிங், வினைச்சொல்லா இது எல்லாமே தப்பு. ஞாபகம் வச்சுக்க ஒரு வழி இருக்கு, அந்த ஆளோட பேரையே வினையாக்கி அவரை மாதிரி இன்னொரு காரியஸ்தருக்கும் அதையே பண்ணுங்கன்னு சொன்ன மாதிரிதான் இந்த வார்த்தை ஆரம்பிச்சது, அவரை பாய்காட் பண்ணு, அவருக்கு எதிரா இல்ல, அவரைத்தான். தமிழ்ல ஐ உருபு வர்ற இடம்னு வச்சுக்கங்க, தேர்தலைப் புறக்கணிச்சாங்க, கூட்டத்தைப் புறக்கணிச்சாங்க.

பெயர்ச்சொல்லா வந்தா மட்டும் பின்னாடி ஆஃப் வரும், ஆன், அகெய்ன்ஸ்ட் கூட வரலாம். எ பாய்காட் ஆஃப் த எலெக்‌ஷன்ஸ். முன்னாடி எந்த வினை வரும்னும் சேத்தே எழுதி வச்சுக்கங்க: கால் ஃபார் எ பாய்காட்னா புறக்கணிக்கச் சொல்லி அழைப்பு விடுறது, ஜாயின் த பாய்காட்னா சேர்றது, கால் ஆஃப்னா கைவிடுறது, லிஃப்ட், எண்ட் ரெண்டும் முடிக்கிறது. மேக் எ பாய்காட், டூ எ பாய்காட் எல்லாம் நம்ம பாய்காட் பண்றதுல இருந்து நேரா இங்கிலீஷுக்குக் கொண்டு போறது, யாரும் அப்படி எழுத மாட்டாங்க.

ஆறாவது ஸ்டெப்: வார்த்தை போன ஊருக்கெல்லாம் நீங்களும் போங்க

சரித்திரப் புத்தகத்துல இந்த வார்த்தை வர்ற பக்கங்களைத் தேடிப் படிங்க, ஒவ்வொண்ணுலயும் நாலாவது ஸ்டெப்புல சொன்ன அளவுகோலை வச்சுப் பாருங்க. 1905 ஆகஸ்ட் 7, கல்கத்தா டவுன் ஹால் கூட்டத்துல வங்காளப் பிரிவினைக்கு எதிரா பிரிட்டிஷ் சாமானை வாங்க மாட்டோம்னு தீர்மானம் போட்டாங்க. அயர்லாந்து சம்பவம் நடந்து இருபத்தஞ்சு வருஷம்தான் ஆகுது, அந்த வார்த்தை அப்படியே இங்க வந்துருச்சு. அடுத்த வருஷம் தூத்துக்குடியில வ.உ.சி. சுதேசி நாவாய்ச் சங்கம் ஆரம்பிச்சு கொழும்புக்குக் கப்பல் விட்டார், வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட் விலையைக் குறைச்சும் ஜனங்க சுதேசிக் கப்பலைத் தேடிப் போனாங்க. இதுல வ.உ.சி. பண்ணதை நான் ரொம்பப் பெருசா நினைக்கிறேன், வாங்காதேன்னு சொன்னதோட விடாம அதுக்கு பதிலா இதுல ஏறுன்னு ஒரு கப்பலையே கொண்டாந்து நிறுத்துனார். 1928-ல சைமன் கமிஷன் வந்தப்ப அதுல ஒரு இந்தியர் கூட இல்லங்கிறதால காங்கிரஸ் பாய்காட் பண்ணுச்சு.

அமெரிக்காவுல மான்ட்கோமரி ஊர்ல ரோசா பார்க்ஸ் பஸ்ல சீட்டை விட்டு எந்திரிக்க மாட்டேன்னதுக்குக் கைது பண்ணதும், 1955 டிசம்பர் 5-ல இருந்து கறுப்பின மக்கள் பஸ்ல ஏறவே இல்ல, 381 நாள். நடந்தே வேலைக்குப் போனாங்க, இருக்கிறவங்க கார்ல மத்தவங்களை ஏத்திட்டுப் போனாங்க. பஸ்ஸை பேன் பண்ண அவங்களால முடியாது, தங்களோட டிக்கெட் காசை நிறுத்த முடிஞ்சுச்சு. நாலாவது ஸ்டெப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

விளையாட்டுல 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸ், சோவியத் ஆப்கானிஸ்தானுக்குள்ள போனதுக்காக அமெரிக்கா தலைமையில அறுபதுக்கும் மேல நாடுங்க வரல, அடுத்து 1984 லாஸ் ஏஞ்சல்ஸுக்கு சோவியத் பக்கம் வரல. அந்த மாஸ்கோவுலதான் இந்தியா ஹாக்கியில எட்டாவது தங்கத்தை வாங்குச்சு, கேப்டன் நம்ம தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன். இங்க புறக்கணிச்சது அரசாங்கம்தானேன்னு ஒரு பையன் கேட்டான், நல்ல கேள்வி. அரசாங்கம்தான், ஆனா ஒலிம்பிக்ஸை நிறுத்துற அதிகாரம் அதுக்கில்ல, தான் போகாம இருக்க முடியும் அவ்வளவுதான், அதனால பாய்காட்.

ஏழாவது ஸ்டெப்: தமிழ் ஜோடியைக் கவனமா எழுதுங்க

நோட்டுல தமிழ் அர்த்தமா புறக்கணிப்புன்னு எழுதுங்க, தப்பில்ல. பழைய பேப்பர், காந்தி காலத்துப் புத்தகம் எல்லாத்துலயும் பகிஷ்காரம்னு இருக்கும், இலங்கைத் தமிழ்ப் பேப்பர்கள்ல இன்னைக்கும் பணிப்பகிஷ்கரிப்புன்னு வரும், அதை மட்டும் நாம ஸ்ட்ரைக்னு புரிஞ்சுக்கணும். பகிஷ்ங்கிறதும் வெளியன்னுதான் அர்த்தம், புறம்ங்கிறதும் வெளியன்னுதான் அர்த்தம்.

ஆனா சோஷியல் பாய்காட்னு வந்துச்சுன்னா அங்க கொஞ்சம் நில்லுங்க. அதுக்குத் தமிழ் ஊரை விட்டு ஒதுக்கி வைக்கிறது. பஞ்சாயத்து கூடி ஒரு குடும்பத்தோட யாரும் பேசக்கூடாது, கடையில சாமான் கொடுக்கக்கூடாது, தண்ணி எடுக்க விடக்கூடாதுன்னு சொல்றது. செய்ற காரியம் லாக் மாஸ்க்ல நடந்த அதே காரியம்தான், கொல்லர் வரல, கடைக்காரர் கொடுக்கல. ஆளு மட்டும் தலைகீழ். அங்க இல்லாதவங்க இருக்கிறவருக்குப் பண்ணாங்க, இங்க இருக்கிறவங்க இல்லாதவங்களுக்குப் பண்றாங்க. அம்பேத்கர் 1924-ல ஆரம்பிச்ச சங்கத்தோட பேரு பஹிஷ்கிருத ஹிதகாரிணி சபா, 1927-ல ஆரம்பிச்ச பத்திரிகை பேரு பஹிஷ்கிருத பாரத், வெளிய தள்ளப்பட்டவங்கன்னு அர்த்தம். அதே பகிஷ்தான். பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மேல சமூகப் புறக்கணிப்போ பொருளாதாரப் புறக்கணிப்போ போட்டா, போடுவேன்னு மிரட்டினாலே கூட, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல குத்தம்னு 2015-ல கொண்டுவந்த திருத்தத்துல சேத்தாங்க. மகாராஷ்டிராவுல இதுக்குன்னே 2016-ல ஒரு சட்டம் போட்டாங்க. அதனால இந்த வார்த்தையைப் பாத்ததும் போராட்டம், நல்லதுன்னு ஒரே கலர்ல நினைச்சுக்காதீங்க, யாரு யாருக்குப் பண்றாங்கன்னு முதல்ல பாருங்க. வக்கீலுங்க கோர்ட் புறக்கணிப்புன்னு செய்தி வரும், அதுல கூட வக்கீலுங்களுக்கு ஸ்ட்ரைக் பண்ணவோ பாய்காட்டுக்கு அழைப்பு விடவோ உரிமை இல்லன்னு சுப்ரீம் கோர்ட் 2002-ல சொல்லியிருக்கு.

கடைசி ஸ்டெப்: ஒரு வாரம் கூட வச்சுக்கங்க

முதல் நாள் கதையை உங்க வீட்டுல யாருக்காவது தமிழ்ல சொல்லுங்க, அம்மாவுக்குச் சொன்னா ரொம்ப நல்லது, அவங்க எங்க ஊர்ல கூட அப்படித்தான்னு ஒரு கதை திருப்பிச் சொல்வாங்க, அதையும் எழுதிக்கங்க. ரெண்டாவது நாள் வினைச்சொல்லா மூணு வாக்கியம், மூணாவது நாள் பெயர்ச்சொல்லா மூணு. நாலாவது நாள் முதல் ஸ்டெப்புல எழுதின வாக்கியத்தை எடுத்துப் பாத்து, தப்பு இருந்தா பக்கத்துலயே திருத்தி எழுதுங்க. மீதி நாள்ல பேப்பர்ல கண்ணுல படுற ஒவ்வொரு பாய்காட்டுக்கும் அடிக்கோடு போட்டு, முன்னாடி எந்த வினை பின்னாடி என்ன வருதுன்னு மட்டும் பாத்துட்டு வாங்க.

அஞ்சு சூழ்நிலை தர்றேன், பேன், ஸ்ட்ரைக், வாக்அவுட், அவாய்ட், பாய்காட், இதுல எது எங்க வரும்னு யோசிங்க. ஒண்ணு, ஹாஸ்டல்ல சாப்பாடு சரியில்லன்னு பசங்க எல்லாம் சேர்ந்து மெஸ்ல சாப்பிட மாட்டோம்னு வெளிய சாப்பிடுறாங்க. ரெண்டு, அதே மெஸ்ல சமைக்கிறவங்க சம்பளம் வரலன்னு அடுப்புப் பத்த வைக்கல. மூணு, ஹாஸ்டல் வார்டன் வெளிச் சாப்பாடு உள்ள கொண்டுவரக்கூடாதுன்னு போர்டு மாட்டுறார். நாலு, வார்டன் கூப்பிட்ட கூட்டத்துக்கு வந்து அரைமணி நேரம் பேசிட்டு பசங்க எந்திரிச்சு வெளிய போயிடுறாங்க. அஞ்சு, ஒரு பையனுக்கு வயிறு சரியில்ல, மெஸ் சாம்பாரைத் தொட மாட்டேங்கிறான்.

முதல்ல பாய்காட், ரெண்டாவது ஸ்ட்ரைக், மூணாவது பேன், நாலாவது வாக்அவுட், அஞ்சாவது அவாய்ட். அந்த அஞ்சாவது பையனோட சேர்ந்து மொத்த ஹாஸ்டலும் சாம்பார் மாறுற வரைக்கும் தொட மாட்டோம்னு சொன்னா, அப்ப அதையும் பாய்காட்னு மாத்தி எழுதிக்கங்க.